தடுத்தால் போதுமா? தாங்க வேண்டாமா?

அயர்லாந்து ஒரு சின்ன நாடு. இங்கிலாந்துக்கு மேற்கே, கடலுக்கு நடுவே இருக்கிறது. மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள்.

1983-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்த நாட்டில் பொதுமக்களிடம் ஓட்டு எடுத்தார்கள். வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும், அதைச் சுமக்கும் தாய்க்கும் உயிர் வாழும் உரிமை சமம் என்று அரசியல் சட்டத்தில் எழுதலாமா, கூடாதா? இதுதான் கேள்வி. ஓட்டுப் போட்டவர்களில் 100-க்கு ஏறக்குறைய 67 பேர் "எழுதலாம்" என்றார்கள். கருக்கலைப்புக்கு முன்பே ஒரு பூட்டு இருந்தது. அதற்கு மேல் இன்னொரு பூட்டும் விழுந்தது.

2018-ம் ஆண்டு மே மாதம் மறுபடியும் ஓட்டு எடுத்தார்கள். எழுதியதை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். 100-க்கு 66 பேர் "எடுத்துவிடலாம்" என்றார்கள்!

அதே நாடு. அதே கேள்வி. 35 ஆண்டுகளுக்குள் பதில் தலைகீழாக மாறிவிட்டது.

ஏன் மாறியது? மக்களுக்குக் கடவுள் பக்தி குறைந்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். கோவிலுக்குப் போகிறவர்கள் குறைந்தது உண்மைதான். பாதிரியார்கள் சிலர் சிறுவர்களுக்குச் செய்த கொடுமைகள் வெளியே வந்ததும் உண்மைதான். ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நடந்த கதையைப் பார்த்தால், அதில் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் அல்ல, பெண் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

குப்பை மேட்டுக் குழந்தைகள்

உயிர் புனிதமானது என்று கிறிஸ்தவர்கள் சொல்வது நேற்று வந்த பேச்சு அல்ல. அந்த மதம் தோன்றிய காலத்திலேயே வந்த பேச்சு.

அப்போது ரோமாபுரி சாம்ராஜ்யம் கொடிகட்டிப் பறந்தது. பிறந்த குழந்தையை வளர்ப்பதா, வேண்டாமா என்பது தகப்பன் இஷ்டம். வேண்டாம் என்றால் தெருவிலோ குப்பை மேட்டிலோ போட்டுவிடுவார்கள். கருவைக் கலைக்க மருந்து கொடுப்பவர்களும் இருந்தார்கள்.

எகிப்து நாட்டு மணலில் ஒரு பழைய கடிதம் கிடைத்தது. கி.மு. 1-ம் ஆண்டில் எழுதப்பட்ட கடிதம். வேலைக்காக அலெக்சாந்திரியா நகரத்தில் தங்கியிருந்த கணவன், ஊரில் இருந்த கர்ப்பிணி மனைவிக்கு எழுதினான். அன்பாகத்தான் எழுதியிருக்கிறான். கூலி கைக்கு வந்ததும் பணம் அனுப்புவதாகச் சொல்கிறான். நடுவே ஒரு விஷயம். பிறப்பது ஆணாக இருந்தால் வைத்துக்கொள்ளச் சொல்கிறான். பெண்ணாக இருந்தால் வெளியே போட்டுவிடச் சொல்கிறான்!

அவன் கொலைகாரன் அல்ல. ஊரில் எல்லோரும் செய்ததைத்தான் அவனும் சொன்னான். நம் நாட்டிலும் பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் கொடுத்த கதைகள் உண்டு. ஆகவே அவனை நாம் ஏளனம் செய்வதற்கு இல்லை.

இந்த வழக்கத்தை யூதர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் வழியில் வந்த கிறிஸ்தவர்களும் எதிர்த்தார்கள். "பன்னிரு அப்போஸ்தலர்களின் போதனை" என்று ஒரு சிறிய நூல் உண்டு. ஏசுநாதர் காலத்தை அடுத்து, முதல் தலைமுறைகளில் எழுந்த நூல். கருவைக் கலைக்கக் கூடாது, பிறந்த சிசுவைக் கொல்லக் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது.

பைபிளில் கருக்கலைப்பைப் பெயர் சொல்லித் தடுக்கும் கட்டளை கிடையாது. ஆனால் கொலை செய்யாதே என்ற கட்டளை இருக்கிறது. மனிதனைக் கடவுள் தம் சாயலில் படைத்தார் என்று இருக்கிறது. கர்ப்பிணியான மரியாள், கர்ப்பிணியான எலிசபெத்தின் வீட்டுக்குப் போனபோது, எலிசபெத்தின் வயிற்றில் இருந்த குழந்தை துள்ளியது என்று லூக்கா எழுதியிருக்கிறார். இவற்றை வைத்துத்தான், வயிற்றுப் பிள்ளையும் கடவுளின் பிள்ளை என்று கிறிஸ்தவர்கள் சொல்லி வந்தார்கள்.

கூடாது என்று சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. போட்டுவிட்ட குழந்தைகளை எடுத்து வளர்க்கவும் செய்தார்கள். இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்துப் பட்டு வியாபாரிகள் சங்கம் 1419-ம் ஆண்டு ஒரு குழந்தைகள் இல்லத்தைக் கட்டத் தொடங்கியது. 1445-ம் ஆண்டு முதல் குழந்தை வந்து சேர்ந்தது. அது ஒரு பெண் குழந்தை! அந்தக் கட்டிடம் இன்றும் இருக்கிறது. துணி சுற்றிய குழந்தைகளின் உருவங்களை அதன் முகப்பில் காணலாம்.

ஆக, அந்தப் போதனைக்கு இரண்டு கைகள் இருந்தன. ஒரு கை தடுத்தது. மற்றொரு கை தாங்கியது.

சபைக்குச் சபை வேறுபாடு

கிறிஸ்தவர்கள் எல்லோரும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரி பேசுகிறார்களா? இல்லை.

கத்தோலிக்கச் சபையின் நிலை கண்டிப்பானது. கரு உண்டான கணத்தில் இருந்தே அது மனித உயிர். அதை வேண்டுமென்றே அழிப்பது பெரிய பாவம். 1995-ம் ஆண்டு போப் ஆண்டவர் 2-ம் ஜான் பால், உலகத்துக்கு எழுதிய ஒரு நீண்ட மடலில் இதை அழுத்தந்திருத்தமாகச் சொன்னார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாய்க்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். கர்ப்பப்பையை எடுத்தால்தான் அவள் பிழைப்பாள். எடுத்தால் குழந்தை பிழைக்காது. அந்த ஆபரேஷனைக் கத்தோலிக்கச் சபை தடுப்பது இல்லை. அங்கே நோக்கம் நோயைத் தீர்ப்பது. குழந்தையின் மரணம் யாரும் விரும்பாமல் வரும் விளைவு.

கருவில் ஆன்மா எப்போது வந்து சேருகிறது என்பது பற்றிப் பழைய ஞானிகளிடையே ஒரே கருத்து இருக்கவில்லை. 13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்வினாஸ், கரு உருவம் பெற்ற பிறகே வருகிறது என்று எண்ணினார். ஆனாலும் அதற்கு முன்பு கலைப்பது சரி என்று அவர் சொல்லவில்லை.

கிழக்கு நாடுகளின் ஆர்த்தடாக்ஸ் சபைகளும் கருக்கலைப்பைப் பாவம் என்றே சொல்கின்றன. புராட்டஸ்டண்டு சபைகளில் பல குரல்கள் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபை கருக்கலைப்பை எதிர்க்கிறது. ஆனாலும் மிகச் சில நெருக்கடிகளில், இருக்கும் தீமைகளில் அதுவே சிறிய தீமையாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறது. அமெரிக்காவில் உள்ள பெரிய பிரஸ்பிட்டேரியன் சபை, அந்தப் பெண்ணின் மனச்சாட்சிக்கு விடுகிறது. அதே அமெரிக்காவில் தெற்கத்திய பாப்டிஸ்ட் சபையார் 1971-ம் ஆண்டு, கற்பழிப்பு போன்ற நிலைகளில் சட்டம் இடம் கொடுக்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். பிறகு அதே சபை கடுமையாக எதிர்க்கும் பக்கம் வந்துவிட்டது.

இப்படி வழிகள் பிரிந்தாலும் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்று. கரு என்பது வெட்டி எறியும் நகம் போன்றது என்று எந்தச் சபையும் சொல்வது இல்லை.

மாதா குகையில் ஒரு சிறுமி

இனி அயர்லாந்துக்கு வருவோம்.

அங்கே 1861-ம் ஆண்டில் இருந்தே கருக்கலைப்பு குற்றம். வெள்ளைக்கார சர்க்கார் போட்ட சட்டம் அது. ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். அதை யாரும் பிற்காலத்தில் தளர்த்திவிடக் கூடாது என்றுதான் 1983-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். புராட்டஸ்டண்டு சபைகள் அப்போதே தயங்கின. இவ்வளவு சிக்கலான விஷயத்தை அரசியல் சட்டத்தில் வைத்துப் பூட்டலாமா என்பது அவர்கள் கவலை.

ஓட்டு முடிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1984-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி. கிரானார்டு என்ற சிறிய ஊர். நல்ல குளிர்காலம். 15 வயதுப் பள்ளிக்கூட மாணவி ஒருத்தி, ஊருக்கு வெளியே இருந்த மாதா குகைக்குத் தனியாகப் போனாள். மாதா சிலையின் காலடியில் ஒரு ஆண் குழந்தையைப் பெற்றாள். பக்கத்தில் தாயும் இல்லை. மருத்துவச்சியும் இல்லை. குழந்தை இறந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்கள் அவளைக் கண்டார்கள். அன்று இரவுக்குள் அவளும் இறந்துவிட்டாள்.

அவளைச் சட்டம் தண்டிக்கவில்லை. போலீஸ் பிடிக்கவில்லை. ஆனால் வயிற்றில் பிள்ளையோடு ஒரு சிறுமி மாதாவைத் தேடிப் போனாளே, மனிதர்களைத் தேடிப் போக அவளுக்கு ஏன் வழி தெரியவில்லை?

அந்தக் கேள்வி நாட்டையே உலுக்கியது. ரேடியோ நிலையத்துக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. "எனக்கும் இப்படி நடந்தது" என்று வயதான பெண்கள்கூட எழுதினார்கள். பல ஆண்டுகளாக மனதுக்குள் பூட்டி வைத்த ரகசியங்கள்! அறிவிப்பாளர் அவற்றை வாசிக்க வாசிக்க, வீடு வீடாக மக்கள் கேட்டார்கள்.

9 ஆயிரம் பிஞ்சுகள்

கல்யாணம் ஆகாமல் கர்ப்பமான பெண்களை அயர்லாந்தில் முன்பு என்ன செய்தார்கள்? "தாய்-சேய் இல்லம்" என்ற பெயரில் விடுதிகள் இருந்தன. பெரும்பாலும் கன்னியாஸ்திரீகள் நடத்தினார்கள். அரசாங்கம் பணம் கொடுத்தது. வீட்டார் பெண்ணைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பிள்ளை பிறந்ததும் பல தாய்மார்களிடம் இருந்து பிரித்து, தத்துக் கொடுத்துவிடுவார்கள்.

இதுபற்றி விசாரிக்க அரசாங்கம் ஒரு கமிஷனை நியமித்தது. அதன் அறிக்கை 2021-ம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. 1922 முதல் 1998 வரை 18 இல்லங்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் இருந்த தாய்மார் சுமார் 56 ஆயிரம் பேர். குழந்தைகள் சுமார் 57 ஆயிரம். இறந்துபோன குழந்தைகள் சுமார் 9 ஆயிரம்!

டூவம் என்ற ஊரில் இருந்த இல்லம் 1925 முதல் 1961 வரை நடந்தது. கேத்தரின் கார்லஸ் என்ற பெண்மணி அந்த ஊர் வரலாற்றை ஆராய்ந்தார். இறந்த குழந்தைகளின் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். 796 பெயர்கள் கிடைத்தன. அவர்களைப் புதைத்த இடத்துக்கு மட்டும் கணக்கு இல்லை. கடைசியில், பழைய சாக்கடைத் தொட்டியோடு சேர்ந்த நிலவறைகளில் குழந்தைகளின் எலும்புகள் இருப்பதாக 2017-ம் ஆண்டு கமிஷன் அறிவித்தது. 2021-ல் அயர்லாந்துப் பிரதமர் மைக்கேல் மார்ட்டின் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். டூவம் இல்லத்தை நடத்திய கன்னியாஸ்திரீகளும் மன்னிப்புக் கேட்டார்கள். எலும்புகளைத் தோண்டி எடுத்து முறைப்படி அடக்கம் செய்யும் வேலை 2025-ல் தொடங்கியது.

வயிற்றில் இருக்கும்போது புனிதமான உயிர், வெளியே வந்ததும் பாவத்தின் பிள்ளை ஆகிவிடுமா?

பழி முழுவதையும் மடத்தின் மேல் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்தக் கமிஷனே ஒரு உண்மையைச் சொல்லியிருக்கிறது. பெண்களுக்கு நடந்த கொடுமையில் பெரும் பொறுப்பு, குழந்தைகளுக்குத் தகப்பனானவர்களுக்கும் பெண்களின் சொந்தக் குடும்பத்துக்கும்தான் என்கிறது. சபையும் சர்க்காரும் அதற்குத் துணை நின்றன. கதவை முதலில் சாத்தியது வீடு!

சவிதாவின் மரணம்

1992-ம் ஆண்டு இன்னொரு வழக்கு. கற்பழிக்கப்பட்டு கர்ப்பமான 14 வயதுச் சிறுமியை, கருக்கலைப்புக்காக இங்கிலாந்து போகக் கூடாது என்று கோர்ட்டு தடுத்தது. அவள் தற்கொலை செய்துகொள்ளும் அபாயம் இருக்கிறது என்று சொன்ன பிறகு, சுப்ரீம் கோர்ட்டு தடையை நீக்கியது. வெளிநாடு போவதைத் தடுக்கக் கூடாது என்று அதே ஆண்டில் மக்களும் ஓட்டுப் போட்டார்கள். அதன் பிறகும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பெண்கள் யாருக்கும் தெரியாமல் கடல் தாண்டிப் போய் வந்தார்கள். வசதி உள்ளவளுக்கு இங்கிலாந்து. இல்லாதவளுக்கு?

2012-ம் ஆண்டு அக்டோபர் மாதம். சவிதா ஹலப்பனவர் என்ற 31 வயதுப் பெண் கால்வே நகர ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கர்நாடக மாநிலம் பெல்காமைச் சேர்ந்தவர். பல் டாக்டர். 17 வார கர்ப்பம். கரு கலைகிறது, குழந்தை பிழைக்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்று அவர் கேட்டார். குழந்தையின் இதயம் இன்னும் துடிக்கிறது, சட்டப்படி முடியாது என்று பதில் வந்தது. காத்திருந்தார்கள். இதயம் நின்றது. அதற்குள் விஷக்கிருமி தாயின் ரத்தத்தில் பரவிவிட்டது. அக்டோபர் 28-ந் தேதி சவிதா இறந்துவிட்டார்.

கிருமி பரவியதை டாக்டர்கள் நேரத்தோடு கவனிக்கத் தவறினார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. இதயத் துடிப்பு நிற்கட்டும் என்று அளவுக்கு மீறிக் காத்திருந்ததும் தவறு என்று விசாரணை கூறியது. அவர் பிறந்த இந்தியாவிலோ, 1971 முதலே இப்படிப்பட்ட நிலையில் கர்ப்பத்தை முடிக்கச் சட்டம் இடம் கொடுத்திருந்தது.

அயர்லாந்து கத்தோலிக்க ஆயர்கள் அப்போது ஒரு அறிக்கை விட்டார்கள். தாயின் உயிரைவிடப் பிள்ளையின் உயிர் பெரிது என்று சபை ஒருபோதும் போதித்தது இல்லை, இரண்டும் சமம் என்றார்கள். அது உண்மை. போதனையில் இரண்டு உயிரும் சமம்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு உயிரைக் காத்திருக்க வைத்தார்கள். அதுவும் போய்விட்டது.

சவிதாவின் படத்தை ஏந்தி மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2018-ல் ஓட்டு மாறியது. 12 வாரம் வரை கருக்கலைப்புக்கு இடம் தரும் சட்டம் 2019 ஜனவரியில் அமலுக்கு வந்தது.

நாம் சொல்வது என்ன?

உயிர் புனிதமானது என்ற சொல்லை யாரும் கேலி செய்ய வேண்டாம். குப்பை மேட்டில் கிடந்த பெண் குழந்தையைக் காப்பாற்றிய சொல் அது. 2018-ல் சட்டத்தை எடுக்கக் கூடாது என்று ஓட்டுப் போட்ட 100-க்கு 34 பேரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. பேச வாய் இல்லாத உயிருக்காகப் பேசுகிறோம் என்று நம்பியவர்கள்.

எடுக்கலாம் என்று ஓட்டுப் போட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டம் மாறியதோடு வேலை முடிந்துவிடவில்லை. பிள்ளை வேண்டும் என்று ஆசை இருந்தும், கையில் காசு இல்லை, கணவன் துணை இல்லை, வேலை போய்விடும் என்ற பயத்தால் ஒரு பெண் டாக்டரிடம் போனால், அதற்குச் சுதந்திரம் என்றா பெயர்?

தடுக்கும் கை மட்டும் நீண்டு, தாங்கும் கை சுருங்கிப் போனதுதான் அயர்லாந்தில் வந்த வினை. தாங்காத கை தடுக்க வந்தால், ஜனங்கள் அதை எத்தனை நாள் பொறுப்பார்கள்?

சபைக்குள்ளும் இந்த உணர்வு வராமல் இல்லை. கருக்கலைப்பு செய்துகொண்டு மனம் வருந்தி வருகிறவர்களுக்குப் பாவ மன்னிப்பு கொடுக்கும் அதிகாரத்தை எல்லாப் பாதிரியார்களுக்கும் நிரந்தரமாக வழங்கினார், போப் ஆண்டவர் பிரான்சிஸ். அது 2016-ம் ஆண்டு. பாவம் பாவம்தான் என்றார். ஆனால் கதவு திறந்திருக்கிறது என்றும் காட்டினார்.

தாங்கும் கை எப்படி இருக்கும் என்பதை நம் திருநெல்வேலிச் சீமை பார்த்திருக்கிறது. ஏமி கார்மைக்கேல் என்ற பெண்மணி 1867-ம் ஆண்டு இதே அயர்லாந்துத் தீவில் பிறந்தவர். 1901 முதல், பொட்டுக்கட்ட விடப்பட்ட சிறுமிகளையும் ஆதரவற்ற பச்சைக் குழந்தைகளையும் ஏற்று டோனாவூரில் வளர்த்தார். யார் வயிற்றுப் பிள்ளை என்று பார்த்து அவர் சோறு போடவில்லை. 1951-ல் அங்கேயே காலமானார். அவர் அடக்கமான இடத்தில் கல்லறைக் கல் கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி இருக்கிறது. அதில் ஒரே ஒரு சொல் இருக்கிறது: அம்மா.

உங்கள் வீட்டில்

மதம் எதுவானாலும், சட்டம் எதுவானாலும், இந்தச் செய்தி முதலில் வந்து நிற்பது வீட்டு வாசலில்தான்.

ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு "அம்மா, ஒரு விஷயம்" என்று ஆரம்பிக்கிறாள். அப்போது வீட்டார் சொல்லும் முதல் வார்த்தை முக்கியம். "ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்டால், அவள் அடுத்த வார்த்தையைச் சொல்ல மாட்டாள். கிணற்றையோ, நாட்டு மருந்து கொடுக்கும் போலி ஆளையோ தேடிப் போவாள். "பயப்படாதே, நாங்கள் இருக்கிறோம்" என்றால் உட்காருவாள். அழுவாள். பிறகு பேசுவாள். எந்த முடிவானாலும் நல்ல டாக்டரைப் பார்த்து, நிதானமாக எடுக்கலாம்.

அவளை மட்டும் நிற்க வைத்துக் கேள்வி கேட்பது நியாயம் ஆகாது. அந்தப் பிள்ளைக்கு ஒரு தகப்பனும் உண்டு. ஆண் பிள்ளை பெற்றவர்கள் அவனையும் கூப்பிட்டு எதிரே உட்கார வைக்க வேண்டும்.

கிரானார்டு சிறுமி போகும் வழியில் எத்தனையோ வீடுகள் இருந்தன. அவற்றில் ஒரு கதவு, ஒரே ஒரு கதவு, அவளுக்காகத் திறந்திருந்தால்?

உயிர் புனிதம் என்று நம்புகிறவர்கள், அந்தக் கதவைத் திறந்து வைக்கட்டும்!